நடை வரட்டும், நல்ல நடையாக வரட்டும்

(குழந்தை நலம் குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், ஷா ஆலமில் பணிபுரியும் பிசியோதெரபி நிபுணர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மிஸ், எங்க பையன் எப்பதான் நடப்பான்?"

குழந்தைகளுக்கான பிசியோதெரபி, அதாவது இயன்முறை மருத்துவப் பணியில் நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் வரும் பெற்றோரில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் மிகக் குறைவு. சிலர் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள். சிலர் கிளம்பும்போது, கதவைப் பிடித்தபடி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அதில் தவறே இல்லை. அண்ணன் மகள் பதினோராம் மாதத்தில் நடந்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு வயதில் ஓடுகிறது என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனம் அடித்துக்கொள்ளாது?

ஆனால் அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் தேடப் போய், ஒரு பிள்ளைக்கு நானே தீங்கு செய்திருக்கிறேன். அதை இன்று உங்களிடம் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதற்கு முன் சில அடிப்படைச் செய்திகளைப் பார்த்துவிடுவோம்.

யார் மீதும் பழி இல்லை

டவுன் என்பதற்குக் 'கீழே' என்று பொருள் கொள்ள வேண்டாம். அது ஒரு மருத்துவரின் பெயர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லாங்டன் டவுன் 1866ஆம் ஆண்டில் இந்தக் குழந்தைகளின் உடல் அமைப்பை விவரித்து எழுதினார். காரணம் தெரிய மேலும் 93 ஆண்டுகள் ஆயின. 1959இல் பிரான்சில் ஜெரோம் லெஜூன் குழுவினர், இவர்களின் உயிரணுக்களில் 46 குரோமோசோம்களுக்குப் பதிலாக 47 இருப்பதை வெளியிட்டார்கள். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது. மார்ச் மாதம் 21ஆம் நாளை டவுன் சிண்ட்ரோம் தினமாக வைத்ததும் இதனால்தான். 2012 முதல் ஐக்கிய நாட்டு நிறுவனமும் அந்த நாளை அனுசரித்து வருகிறது.

தாயின் வயது கூடக் கூட இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. ஆனாலும் இளம் தாய்மார்களுக்கும் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன. கர்ப்ப காலத்தில் அம்மா எதைச் சாப்பிட்டார், கிரகணத்தன்று வெளியே போனாரா, எதைப் பார்த்துப் பயந்தார் என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மருமகளைக் குற்றக் கூண்டில் நிறுத்தும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. மாமியார்மார்களே, தயவு செய்து அதை நிறுத்துங்கள். அந்தப் பெண்ணின் தெம்பு உங்கள் பேரப்பிள்ளைக்குத் தேவைப்படுகிறது.

கொடிக்கயிறு தளர்ந்தால்...

இந்தக் குழந்தைகளைத் தூக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் குழந்தை நழுவி விழுந்துவிடுமோ என்று தோன்றும். தோளில் போட்டால் துணி மூட்டைபோல் கிடக்கும். இதைத்தான் தசை இறுக்கக் குறைவு என்கிறோம்.

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். கொடி விறைப்பாகக் கட்டியிருந்தால் ஈரச் சேலையைப் போட்டாலும் தாங்கும். தளர்ந்திருந்தால் சேலை தரையைத் தொடும். கயிறு அறுந்து போகவில்லை, கட்டு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நாம் சும்மா இருக்கும்போதும் நம் தசைகளில் ஒரு சிறு விறைப்பு இருந்துகொண்டே இருக்கிறது. இந்தக் குழந்தைகளிடம் அது குறைவு. கூடவே மூட்டுகளைப் பிணைத்து வைக்கும் தசைநார்களும் நெகிழ்வாக இருக்கும். தசையின் வலு குறைவு. உடம்போடு ஒப்பிட்டால் கைகால்கள் சற்றுக் குட்டை. கை ஊன்றி உட்காரவும், சோபாவின் மேல் ஏறவும் இந்தக் குட்டைக் கைகால்கள் பெரிய தடை.

இந்த நான்கில் தசையின் இயல்பான விறைப்பையோ தசைநாரையோ கைகால் நீளத்தையோ நாம் பெரிதாக மாற்றிவிட முடியாது. மாற்றக்கூடியது தசையின் வலு. பிசியோதெரபி பெரும்பாலும் அதன் மேல்தான் வேலை செய்கிறது. "எண்ணெய் தேய்த்து நன்றாக நீவி விட்டால் சரியாகிவிடும்" என்று பாட்டிமார்கள் சொல்வார்கள். எண்ணெய்க் குளியல் நல்லதுதான். பிள்ளைக்குச் சுகம், பாட்டிக்கும் பேரனுக்கும் பாசம். ஆனால் நாம் நீவுவதால் பிள்ளையின் தசை வலுப்படாது, பிள்ளை தானே அசைந்தால்தான் வலுப்படும். நீவும்போது கைகால்களை இழுத்துச் சொடுக்கெடுப்பதும், இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கி ஆட்டுவதும் கூடவே கூடாது. ஏற்கெனவே நெகிழ்ந்த மூட்டு அது. எளிதில் விலகிவிடும்.

பிள்ளை கண்டுபிடிக்கும் குறுக்குவழிகள்

இந்தக் குழந்தைகள் சோம்பேறிகள் இல்லை. உண்மையில் கெட்டிக்காரர்கள். தளர்ந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படியாவது உட்காரவும் நிற்கவும் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிறந்த குழந்தை மல்லாந்து கிடக்கும்போது கால்கள் தவளைபோல் இரு பக்கமும் விரிந்து கிடக்கும். கொஞ்சம் வளர்ந்ததும், குப்புறக் கிடக்கும் பிள்ளை இரண்டு கால்களையும் அகல விரித்து அப்படியே பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். இடுப்பைத் திருப்பும் சிரமமே இல்லை. உட்கார்ந்த பிறகும் கால்கள் விரிந்தே இருக்கும், முதுகு கூன் போட்டிருக்கும். நிற்கும்போது முழங்காலைப் பின்பக்கமாக நெட்டித் தள்ளிப் பூட்டிவிடும். பூட்டிய முழங்காலுக்குத் தசை வலு தேவையில்லை அல்லவா? பாதத்தின் உட்பக்க வளைவு தட்டையாகித் தரையில் சரியும். கால்களை அகட்டி, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, பிள்ளை நடக்கத் தொடங்கும்.

நடை வந்துவிட்டது என்று வீடே கைதட்டும். பத்து கிலோ உடம்பை அந்த நடை தாங்கும். ஐம்பது கிலோ ஆகும்போது என்ன செய்யும்?

அமெரிக்கப் பிசியோதெரபிஸ்ட் பாட்ரிசியா வின்டர்ஸ் இந்தக் குழந்தைகளோடு நெடுங்காலம் பணியாற்றி, 1997இல் பெற்றோருக்காக ஒரு நூல் எழுதினார். பிள்ளையைச் சீக்கிரம் நடக்க வைப்பதைவிட, இப்படிப்பட்ட குறுக்குவழிகள் பழக்கமாகிப் போகாமல் தடுப்பதே பிசியோதெரபியின் முதல் வேலை என்பது அவருடைய கருத்து. நான் அதை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். கொஞ்சம் தாமதமாகத்தான்.

ஒரு தைப்பூச வேண்டுதல்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிள்ளானிலிருந்து ஒரு தம்பதி வருவார்கள். அப்பா லோரி ஓட்டுநர். பையனுக்கு 22 மாதம். சோபாவைப் பிடித்து நிற்பான், ஆனால் முழங்கால் பின்பக்கம் வளைந்திருக்கும், பாதம் உட்பக்கம் சரிந்திருக்கும். தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருந்தது. "பத்துமலையில பால்குடம் எடுக்கிறதா வேண்டியிருக்கேன் மிஸ். அடிவாரத்துல நாலு எட்டாவது அவன் நடந்து வரணும். நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார் அவர்.

இன்னும் ஆறு மாதம், எட்டு மாதம் பொறுக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். தொடையும் இடுப்பும் வலுப்பெறட்டும், பாதத்துக்குத் தாங்கி வாங்குவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்லத் துணிவில்லை. என்னால் ஒரு பிள்ளையை நடக்க வைக்க முடியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது, அதை மறைக்கவில்லை. வீட்டில் சக்கர வாக்கரில் வைத்துப் பழக்கினார்கள். நான் தடுக்கவில்லை. என் அறையில் அவனுடைய இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடத்தினேன்.

தைப்பூசத்துக்கு அவன் நடந்தான். மறு வாரம் எனக்கு லட்டு வந்தது. பிறகு அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். நடந்தாயிற்று, இனி என்ன?

அவனுக்குப் பதினான்கு வயதானபோது அம்மா மீண்டும் அழைத்து வந்தார். நல்ல எடை போட்டிருந்தான். "பெரிய அடம் மிஸ். கடைத்தெருவுல போய்க்கிட்டே இருப்பான், நடு ரோட்ல உக்காந்துடுவான். ஸ்கூல்லயும் பிடிவாதக்காரன்னு சொல்றாங்க" என்றார். அவனை நிற்கச் சொல்லிப் பார்த்தேன். முழங்கால்கள் வில்போல் பின்பக்கம் வளைந்திருந்தன. பாதம் முழுவதும் தரையில் படிந்திருந்தது. முழங்காலின் பின்புறத்தை மெல்ல அழுத்தினேன். அவன் என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "சாக்கிட்" என்றான். வலி என்பதற்கு மலாயில் அவனுக்குத் தெரிந்த ஒரே சொல்.

எத்தனை ஆண்டுகளாக வலித்ததோ, தெரியாது. அதைச் சொல்லத் தெரியாததால் உட்கார்ந்து காட்டினான். நாம் அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தோம். முருகன் எந்தக் கெடுவும் விதிக்கவில்லை நேயர்களே. அவசரப்பட்டது நாங்கள்.

அன்று பொறுத்திருந்தால் அவனுக்கு வலியே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. நெகிழ்ந்த மூட்டுள்ள பிள்ளைக்கு எப்படியும் சிரமம் உண்டு. ஆனால் நான் செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டேன் என்பது உண்மை.

அறுபது வயது வரை உழைக்க வேண்டிய முழங்கால்

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1983இல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். இன்று அது 60 ஆண்டுகளை எட்டியிருக்கிறது. இதய அறுவை சிகிச்சை வளர்ந்ததும், பிள்ளைகளை விடுதிகளில் விடாமல் வீட்டில் வளர்க்கத் தொடங்கியதும் பெரிய காரணங்கள். நம் நாட்டிலும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களை இப்போது பார்க்கிறோம்.

அப்படியானால் உங்கள் பிள்ளையின் முழங்காலும் பாதமும் இன்னும் அறுபது ஆண்டுகள் உழைக்க வேண்டும். அதற்கு முன்னால் ஆறு மாதத் தாமதம் எம்மாத்திரம்?

எப்போது நடக்கும் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ராபர்ட் பலிசானோ குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டு வயதில் நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40 தான். மூன்று வயதில் அது 92 ஆகிறது. ஆகவே இரண்டு வயதில் நடக்காத பிள்ளை பின்தங்கிய பிள்ளை என்று எண்ணாதீர்கள். அவனைப் போன்ற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் அவனோடு அமர்ந்திருக்கிறார்கள். இதயக் கோளாறோ அடிக்கடி நெஞ்சுச் சளியோ இருந்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளையைப் பார்ப்பார். மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்களோடுதான் இருக்கிறது. ஆகவே உண்மையான சிகிச்சை உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக நான் சொல்லித் தருபவை இவை.

கைக்குழந்தை என்றால் விழித்திருக்கும்போது குப்புறப் போடுங்கள். "மூச்சு முட்டாதா?" என்று பாட்டி கேட்பார். பக்கத்தில் நீங்கள் இருக்கும்போது, பிள்ளை விழித்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான். தரையில் விருப்பமில்லாத பிள்ளையை உங்கள் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு சாய்ந்திருங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். கழுத்துக்கும் முதுகுக்கும் அதைவிட நல்ல பயிற்சி இல்லை. மல்லாந்து கிடக்கும்போது தொடைகளின் வெளிப்பக்கம் இரண்டு துண்டுகளைச் சுருட்டி வையுங்கள். கால்கள் தவளைபோல் விரியாமல் ஒன்றாக இருக்கும்.

தூக்கி வைத்துக்கொள்ளும் முறையைக் கவனியுங்கள். பிள்ளையை இடுப்பில் கால் அகட்டி உட்கார வைப்பது நம் பழக்கம். மற்ற பிள்ளைகளுக்குச் சரி. இந்தப் பிள்ளைகளுக்கு நாள் முழுவதும் அப்படிச் செய்தால் கால் விரியும் பழக்கம் நிலைத்துவிடும். முதுகு உங்கள் நெஞ்சில் சாய, இரண்டு தொடைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, முன்னோக்கித் தூக்குங்கள். பிள்ளை உலகத்தைப் பார்த்தபடி வரும்.

ஸ்பிரிங் தொட்டில் தூங்குவதற்கு மட்டுமே. விழித்திருக்கும் பிள்ளையை மணிக்கணக்கில் அதில் ஆட்டிக்கொண்டிருந்தால் தசைகளுக்கு வேலையே இல்லாமல் போகும்.

உட்காரும் பருவத்தில் சிறு முக்காலி ஒன்று தேடுங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும், முழங்கால் நேராக மடங்க வேண்டும். அதுதான் சரியான உயரம். நீங்கள் இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். மார்பைப் பிடித்தால் பிள்ளையின் முதுகு வேலை செய்யாது. முன்னால் ஒரு மைலோ டின், அதற்குள் போட்டு எடுக்க நாலு கரண்டி. முதுகு தானாக நிமிரும். குப்புறக் கிடந்து எழும்போது கால்களை அகட்டி எழ விடாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து கை ஊன்றி எழப் பழக்குங்கள்.

நிற்கும் பருவத்தில், அதே முக்காலியிலிருந்து எழுந்து நிற்பதும் மீண்டும் உட்காருவதும்தான் சிறந்த பயிற்சி. தொடைக்கு வலு ஏறும். சோபாவைப் பிடித்து நிற்கும்போது முழங்கால் பின்பக்கம் பூட்டிக்கொண்டால், உங்கள் கையால் மெல்லச் சிறிது மடக்கி விடுங்கள். அப்பா தரையில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ள, பிள்ளை அவர் மேல் ஏறி இறங்கட்டும். அதைவிட மலிவான உடற்பயிற்சிக் கருவி எந்தக் கடையிலும் இல்லை.

நடை பழக்கும்போது கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்காதீர்கள். நான் செய்த தவறு அது. அப்படிப் பிடித்தால் பிள்ளை உங்கள் கையில் தொங்கிக்கொண்டு நடக்கும். இடுப்பைப் பிடியுங்கள். அல்லது பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் தள்ளிக்கொண்டு போகும் வண்டியைக் கொடுங்கள். வண்டி ஓடிவிடாமல் உள்ளே ஒரு அரிசிப் பையை வையுங்கள். பிள்ளை உள்ளே உட்கார்ந்து காலால் உந்தும் சக்கர வாக்கர் வேண்டாம். கால் அகன்று, நுனிவிரலால் உந்தும் பழக்கம் வரும், விபத்தும் நடக்கும். கனடா 2004லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது.

பாதம் உட்பக்கம் சரிந்தால் சிகிச்சையாளர் காலணிக்குள் வைக்கும் தாங்கியோ கணுக்கால் தாங்கியோ பரிந்துரைப்பார். இங்கே நம் வீடுகளில் மட்டும் ஒரு சிக்கல் வரும். செருப்பு, காலணி எதையும் நாம் வீட்டுக்குள் விடுவதில்லை. காசு கொடுத்து வாங்கிய தாங்கி வாசலில் கிடக்கும், பிள்ளை உள்ளே வெறுங்காலோடு திரியும். வீட்டுக்குள் போட மட்டும் தனியாக ஒரு சோடி வாங்கிவிடுங்கள். வெளியே போடாத காலணியால் வீட்டுக்கு ஒரு குறைவும் வராது. நாளில் கொஞ்ச நேரம் வெறுங்காலோடு புல்லிலும் மணலிலும் விளையாடுவதும் நல்லதே.

எவ்வளவு நேரம் என்று கேட்பீர்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளில் பல தடவை. குளிப்பாட்டும்போது கொஞ்சம், உடை மாற்றும்போது கொஞ்சம். பிள்ளை களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். களைத்த தசைதான் குறுக்குவழியைத் தேடும். 2001இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டேல் உல்ரிச் ஓர் ஆய்வு செய்தார். 30 குடும்பங்கள். ஒரு பிரிவுப் பெற்றோர், வழக்கமான சிகிச்சையோடு, தானே உட்காரத் தொடங்கிய குழந்தையைச் சிறு நடை இயந்திரத்தின் மேல் தாங்கிப் பிடித்து, நாளுக்கு 8 நிமிடம், வாரத்தில் 5 நாள் அடி எடுத்து வைக்கச் செய்தார்கள். அந்தக் குழந்தைகள் மற்றப் பிரிவைவிட 101 நாள் முன்னதாக நடந்தார்கள். இதைக் கேட்டு நாளைக்கே கடைக்குப் போய் உடற்பயிற்சி இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். அது குழந்தைகளுக்கென்றே செய்த மெதுவான இயந்திரம். நமக்குப் பாடம் அந்த 8 நிமிடத்தில் இருக்கிறது. வீட்டில், பெற்றோர் கையால், தவறாமல் செய்த 8 நிமிடம்.

தொடங்குமுன் மூன்று சோதனைகள்

முதலாவது இதயம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கிறது. இதய ஸ்கேன் எடுத்து மருத்துவர் சொன்ன பிறகே பயிற்சி. பயிற்சியின்போது உதடு நீலமானாலோ, மூச்சு வாங்கினாலோ, நெற்றி வியர்த்தாலோ உடனே நிறுத்துங்கள்.

இரண்டாவது தைராய்டு. அது குறைந்தால் தசை மேலும் தளரும், பிள்ளை மந்தமாகும். நாம் பயிற்சி போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். பிறந்தபோது, ஆறாம் மாதத்தில், ஒரு வயதில், பிறகு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மூன்றாவது கழுத்து. சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் குறைவாக இருக்கும். ஆகவே குட்டிக்கரணம் வேண்டாம், ஆறு வயதுக்கு முன் துள்ளு மெத்தையும் வேண்டாம். நன்றாக நடந்த பிள்ளை தடுமாறத் தொடங்கினால், கழுத்தைச் சாய்த்தே வைத்திருந்தால், கழுத்து வலி என்றால், பழகிய பிள்ளை மீண்டும் சிறுநீரை அடக்க முடியாமல் போனால், ஒரு நாளும் தள்ளிப் போடாமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியரிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

எங்கே போவது?

"பிள்ளை வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இதயம் அனுமதித்தால், பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கலாம். அரசாங்க கிளினிக்கில் தாதியிடமோ மருத்துவரிடமோ பிசியோதெரபிக்குக் கடிதம் கேளுங்கள். ஷா ஆலம் பக்கம் இருப்பவர்களுக்கு 2015இல் திறக்கப்பட்ட ஷா ஆலம் மருத்துவமனை இருக்கிறது. கிள்ளான்வாசிகளுக்குத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா பக்கம் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். பெட்டாலிங் ஜெயாவில் கிவானிஸ் டவுன் சிண்ட்ரோம் அறவாரியம் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பயிற்சி அளிக்கிறது. அங்கே அம்மாவும் கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். மற்ற தாய்மார்களைச் சந்திப்பதே பாதி மருந்து.

பிடிகே எனப்படும் சமூக மறுவாழ்வு மையங்களை நம்மவர்கள் பலர் அறிவதில்லை. 1984இல் திரெங்கானுவில் பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது. இன்று நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. எல்லா இனத்தவருக்கும் உரியவை. சமூக நல இலாகாவில் விசாரித்தால் உங்கள் வட்டாரத்து மையத்தைச் சொல்வார்கள்.

அங்கேயே ஓகேயு அட்டைக்கும் பதிந்துகொள்ளுங்கள். "அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடுமே" என்று தயங்கும் பெற்றோர் உண்டு. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உங்கள் பிள்ளைக்குக் கொடுத்த உரிமை அது. தனியார் சிகிச்சைக்குப் பணம் கட்டுபவர்கள் இரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள, 18 வயதுக்கு மேற்படாத பிள்ளைகளின் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் 2023ஆம் வரி ஆண்டிலிருந்து வருமான வரிக் கழிவு உண்டு. 4,000 ரிங்கிட்டாக இருந்த அந்த வரம்பு 2025ஆம் வரி ஆண்டில் 6,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. தனியாரிடம் போகும்போது அவர் 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்.

காலம் கடந்துவிடவில்லை

பிள்ளை பெரியவனாகிவிட்டான், இதையெல்லாம் அன்று யாரும் சொல்லவில்லையே என்று சில பெற்றோர் இப்போது மனம் வருந்திக்கொண்டிருப்பீர்கள். கிள்ளான் பையனுக்கு வருகிறேன்.

பதினான்கு வயதில் மீண்டும் தொடங்கினோம். காலணிக்குள் தாங்கி போட்டோம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, முதலில் ஐந்து தடவை, பிறகு பத்து. ரொட்டி சானாயும் இனிப்பு மைலோவும் வாரத்துக்கு ஒரு நாள் என்று அம்மா குறைத்தார். பள்ளி ஆசிரியரிடம், அவன் உட்கார்ந்தால் திட்ட வேண்டாம், வலிக்கிறதா என்று கேளுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். முழங்காலின் வளைவு முழுமையாக மாறவில்லை. மாறும் என்று நான் அவர்களிடம் சொல்லவும் இல்லை. ஆனால் தொடை வலுத்தது, வலி குறைந்தது. நடுத்தெருவில் உட்காருவது நின்றது. வலித்தால் முழங்காலைத் தொட்டுக் காட்டக் கற்றுக்கொண்டான்.

அவனுடைய அப்பாவிடம் அந்தத் தைப்பூசத்தைப் பற்றிப் பேசினேன். நான் அன்று உங்களைப் பொறுக்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நானும் கேட்டிருக்க மாட்டேன் மிஸ்" என்றார்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் மூவரும் பத்துமலைக்குப் போனார்களாம். அங்கே 272 படிகள். பத்துப் படிக்கு ஒரு முறை பையன் முழங்காலைத் தொட்டுக் காட்டுவான். மூவரும் உட்கார்ந்துவிடுவார்கள். குரங்குகளை வேடிக்கை பார்த்துவிட்டு, அவன் எழுந்த பிறகே எழுவார்கள். மேலே போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த நிதானத்தைத்தான் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இன்று இரவு உங்கள் பிள்ளையைத் தரையில் விட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். கால் எப்படி வைக்கிறது, முழங்கால் எங்கே போகிறது, பாதம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பாருங்கள். அடுத்த முறை எங்களிடம் வரும்போது அதைச் சொல்லுங்கள்.